ஹொங்கொங் போன வெற்று உறைகள்

சீனத்து நகரம் ஒன்றுக்கு நேரடியாக விமானம் விடப்போகிறீர்கள். அதற்கொரு மலர் வெளியிடுகிறீர்கள். “ஐயா, உங்கள் காலத்து அனுபவம் ஒன்று வேண்டும்” என்று, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்கள் விமானக் கம்பெனியிலிருந்து இருவர் வீடு தேடி வந்து கேட்டார்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பதுகளில் ஹொங்கொங்குக்கு முதன்முதலாக வான்தபால் தொடங்கியபோது கண்டியிலிருந்து போன பைக்கு அரக்கு முத்திரை வைத்தவன் நான். அந்தக் கதையைப் பிரியாவிடை விருந்துகளில் பத்துத் தடவையாவது சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் பத்துத் தடவையும் பாதிதான் சொன்னேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். மலரில் போட மனம் வராவிட்டால் போட வேண்டாம், ஆனால் முதல் விமானத்துக்கு ஆள் பட்டியல் போட உட்காருமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கண்டியில் கப்பல் பயணச் சீட்டு விற்கும் ஒரு முகவர் கந்தோரில் நான் இரண்டாவது கிளாக்கர். வயது இருபத்து நான்கு. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். மாமா ஒருவர் ரயில்வேயில் இருந்ததால் அவர் வீட்டில் தங்கி இங்கிலீசு படித்து எப்படியோ கழுத்துப்பட்டி கட்டும் உத்தியோகத்துக்கு வந்துவிட்டேன். கந்தோரில் யாராவது கேட்டால் அப்பா தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறார் என்பேன். அவர்களாகவே கணக்கப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. துரைமார் எள் என்றால் எண்ணெயாக நிற்பேன். அதனால் மனேஜருக்கு என்மேல் பிரியம்.

அந்த வருடம் விமானக் கம்பெனி ஒன்று எங்கள் கந்தோரைத் தன் முகவராக்கியது. எங்களுக்கென்று விமானம் ஒன்றும் கண்டியில் வந்து இறங்கவில்லை. கடிதங்கள் ரயிலில் கொழும்புக்கும், அங்கிருந்து தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கும் போகும். கல்கத்தாவில் விமானம் ஏறும். பினாங்கில் வேறொரு சின்ன விமானத்துக்கு மாறி ஹொங்கொங்கில் இறங்கும். கிழமைக்கு ஒருமுறைதான். அப்படியிருந்தும் கப்பலோடு பார்க்கும்போது அது பெரிய அதிசயம். சின்ன விமானம் என்பதால் ஊருக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருந்தார்கள். முதல் பையில் கண்டிக்குக் கிடைத்தது இரண்டு இறாத்தல், ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்குமேல் ஒரு தாள்கூட ஏறக்கூடாது என்று கொழும்பிலிருந்து கட்டளை.

இந்த இரண்டு இறாத்தலுக்குத்தான் அடிபிடி. முதல் பயணத்தில் போகும் உறைகளுக்கு விசேஷ முத்திரை ஒன்று குத்துவார்கள். அதைச் சேர்த்து வைப்பதில் துரைமாருக்குப் பைத்தியம். உறைக்குள் கடிதம் இராது. மடங்காமல் இருக்க ஒரு மட்டைத் துண்டு மட்டும் இருக்கும். தமக்குத் தாமே விலாசம் எழுதி, ஹொங்கொங் போய்த் திரும்பி வரட்டும் என்று கொடுப்பார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் கந்தோர்க்காரர் ஆறு பேரும் ஆளுக்கோர் உறை எழுதி வைத்தோம். என் உறையில் என் பெயரை மூன்று தரம் எழுதிப் பார்த்து, வடிவாக வந்ததை எடுத்துக்கொண்டேன்.

பை போவதற்கு மூன்று நாள் முந்தித்தான் லியோங் வந்தார். அப்போது அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து அவரைப் பார்த்திருக்கிறேன். தோளில் துணிமூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்கி விற்கும் சீனர். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அவர் ‘சீனத்தார்’தான். தமிழைக் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் கற்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் அம்மா பேசுவது போலவே இருக்கும்.

மனேஜரும் இரண்டு துரைமாரும் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம். லியோங் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கேட்டார்.

“தம்பி, நீங்களா? அம்மா சொகமா? இன்னும் மலைக்குப் போறாங்களா, கொழுந்தெடுக்க?”

மனேஜர் மலைநாட்டில் முப்பது வருடம் இருந்தவர், அவருக்குத் தமிழ் விளங்கும். திரும்பி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எனக்கோ காது இரண்டும் சுட்டது. என்ன வேண்டும் என்று அந்நியனிடம் கேட்பது போல் கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அதன்பிறகு என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிடவேயில்லை, ‘கிளாக்கரையா’ என்றுதான் கூப்பிட்டார்.

வந்த காரியத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள், பதினாறு வயது. தாய் இல்லை. ஹொங்கொங்குக்குப் பக்கத்தில் கன்டன் நகரை அடுத்த கிராமத்தில், இவருடைய அண்ணன் வீட்டில் வளர்கிறாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே, அவளைக் கேட்டிருக்கிறார். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பொன்னெழுத்து எழுதிய சிவப்பு அட்டை ஒன்று கொடுப்பார்கள். பெண்ணின் தகப்பன் அதை வைத்துக்கொண்டால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் பேச்சு முறிந்தது. அண்ணன் அந்த அட்டையை இவருக்கு அனுப்பி, குறித்த நாளுக்குள் திரும்பி வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். கப்பலில் வந்த அந்தக் கடிதமே தவணையில் பாதியைத் தின்றுவிட்டது. அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. தந்தி அடித்தால் அட்டை போகாது. அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முதல் விமானத்தில் போனால் குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேரும்.

“அண்ணன் பொல்லாதவர் இல்ல, கிளாக்கரையா. அட்டையக் கண்டா நிப்பாட்டிடுவாரு. காணாட்டி அவரு என்ன செய்வாரு?”

உறையை வாங்கி நிறுத்தேன். அட்டை கனமானது. வெற்று உறைகள் ஏழெட்டின் நிறை இருந்தது. இடம் இருந்தபடியால் முதல் பைக்கான புத்தகத்தில் பதிந்து, அனுப்புகிறவர் விலாசத்தில் அவர் பெயரைப் பார்த்து எழுதி, போகும் என்று சொல்லி அனுப்பினேன். பதில் வந்தால் தனக்குக் கந்தோர் விலாசத்துக்கே வரும் என்றார். ஊர் ஊராகச் சுற்றுகிறவர், குடியிருக்கும் அறையில் தங்குவது குறைவு.

பை போகும் நாளில் கந்தோர் கல்யாண வீடாக இருந்தது. விறாந்தையில் வெள்ளை விரித்த மேசை, படம் பிடிக்க ஒருவர், மாலை, கேக். மனேஜர் கொழும்பிலிருந்து வரும் கம்பெனிக்காரரை எதிர்கொள்ள ஸ்டேசனுக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பையைக் கட்டவேண்டும். இரண்டு இறாத்தலும் சரியாக நிரம்பியிருந்தது. அரை மணி இருக்கையில் துரைமார் கிளப்பின் தலைவர் வந்தார். கையில் ஆறு உறைகள், எல்லாம் வெற்று. தாமதத்துக்கு வருந்துவதாகச் சொல்லவில்லை. “இதையும் போடு, உன் மனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்” என்று மேசைமேல் வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனார்.

எதையாவது எடுத்தால்தான் அது போகும். பக்கத்து மேசையில் இருந்தவர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். நான் தராசில் உறைகளை மாற்றி மாற்றி வைத்துத் திண்டாடுவதை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

“ஏன் யோசிக்கிறீர்? எங்கட ஆறையும் எடுத்து வையும். துரையின்ர ஆறும் போகும், சீனன்ர கடிதமும் போகும். மட்டைத் துண்டு பறந்து என்ன காணப்போகுது?”

கணக்கு அவ்வளவு சுலபம். ஆறை எடுத்து ஆறை வைத்தால் போதும். கனகசபை தன் உறையைத் தானே உருவி என் பக்கம் நீட்டினார். அதற்குள் ஸ்டேசனிலிருந்து கார் வந்துவிட்டது, சாமான் இறக்க அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் தடுமாறினேன் என்று எழுத ஆசை, ஆனால் தடுமாறவில்லை. நல்ல தெளிவாகவே யோசித்தேன். எங்கள் ஆறில் ஒன்று மனேஜருடையது, ஒன்று தலைமைக் கிளாக்கருடையது. அவற்றை எடுத்தால் கேள்வி வரும். சீனருடையதை எடுத்தால் கேட்க ஆளில்லை. என் உறை போகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. என் அம்மா மலைக்குப் போவதை மனேஜர் முன்னால் கேட்ட மனிதர் அவர். அந்த எரிச்சல் அன்றும் தணியவில்லை. நான் அதை அப்போது எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். கனத்த உறையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். துரையின் ஆறையும், கனகசபை நீட்டிய உறையையும் பையில் வைத்தேன். நிறை சரியாக இருந்தது.

பை கட்டி அரக்கு வைத்துப் படம் பிடித்தார்கள். உங்கள் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படம் அதுதான். இடது ஓரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு இளிப்பவன் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். விமானம் போகத் தயாராக இருந்தது, போகவிடாதது நான்தான்.

அன்று மாலை கனகசபை கேட்டார், சீனருடைய கடிதம் போனதோ என்று. போனது என்றேன். தன் உறையும் போனதா என்று அவர் கேட்கவேயில்லை. அடுத்த கிழமைப் பையில் கடிதத்தைச் சத்தமில்லாமல் சேர்த்து அனுப்பினேன். ஒரு கிழமைதானே, என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் விரல் விட்டு எண்ணியதை நானும் பார்த்தவன், அது நான்கு நாள் பிந்தும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெற்று உறைகள் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தன. மனேஜர் தன்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதற்குப் பின் ஒரு மாதத்தில் லியோங்குக்குப் பதில் வந்தது; வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் கையில் திறந்த கடிதத்தோடு வந்தார். அண்ணன் எழுதியிருந்தார். குறித்த நாள் மாலைவரை காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை, பெண்ணை அனுப்பிவிட்டேன், நான்கு நாள் கழித்து உன் உறை வந்தது, நான் என்ன செய்ய, என்று. லியோங் அதை எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னார். குரல் உயரவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என் கடுதாசி மொத பையில போச்சுங்களா, கிளாக்கரையா?”

பிள்ளைகளே, நம் தொழிலில் பிழை வராமல் இராது. பையை மாற்றி ஏற்றுவோம், பெயரைத் தவறாக எழுதுவோம், ஆளைத் தவறவிடுவோம். அதைச் சொல்ல நமக்கு ஒரு தருணம் கிடைக்கும், பெரும்பாலும் ஒன்றுதான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அது. இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவர் என்னை அடித்திருக்கலாம். ஆனால் அவருடைய அண்ணன் அவருக்கு மிஞ்சியிருப்பார்.

போனது என்றேன். சொன்னதோடு நில்லாமல் புத்தகத்தை எடுத்து விரித்து, முதல் பைக்கான பக்கத்தில் அவர் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். உறையை லாச்சியில் போட்டபோது அந்தப் பதிவை வெட்டாமல் விட்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கந்தோர்ப் புத்தகத்தில் மறைக்கலாம். இங்கிலீசு எழுத்தில் இருந்த தன் பெயரை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அண்ணன்தான் பொய் சொல்றாரு” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை அறிந்தவன் கண்டியில் நான் ஒருவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். கண்டியிலேயே, கட்டுகலையில் காசிம் நானா என்பவரின் கடைக்கு மேல் ஓர் அறையில் லியோங் குடியிருந்தார். கடைவாசலில் காசிம் நானா என்னைத் தடுத்து நிறுத்தி, அவர் மூட்டை தூக்கிப் போய்ப் பதினைந்து நாளாகிறது என்றும், சாப்பிடுவதும் இல்லை என்றும் சொல்லி, “நீங்க படிச்ச ஆள், ரெண்டு சொல்லு நல்லது சொல்லுங்க” என்று மேலே அனுப்பினார். லியோங் இருந்த ஒரே கதிரையில் என்னை உட்காரவைத்துத் தாம் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணீர் தந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

“நீங்க மட்டும் புஸ்தகத்தக் காட்டியிருக்காட்டி நான் அவர நம்பியிருப்பேன். இந்த ஊர்ல எனக்கு நேர்மையா நடந்துக்கிட்டது நீங்க ஒரு ஆளுதான்.”

சொல்ல வந்ததை விழுங்கினேன். ஒருவர் நன்றி சொல்லும்போது அவரிடம் உண்மையைச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. அது என்னிடம் இருக்கவில்லை. தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் படியிறங்கினேன். காசிம் நானா முகத்தைப் பார்க்க முடியாமல் கடையின் பின்பக்கமாகப் போனேன். வீடுவரை நடந்தேன். வெட்கம் என்ற சொல்லை அதற்குமுன் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். அம்மாவின் வேலைக்காக வெட்கப்பட்டவன் நான். அது வெட்கமே அல்ல என்று அன்று விளங்கியது.

பிறகு அண்ணனிடமிருந்து கந்தோர் விலாசத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலாவது வந்தபோது லியோங் உறையைத் தொடவில்லை. திருப்பி அனுப்பச் சொன்னார். பெற மறுத்தார் என்று இங்கிலீசில் எழுதித் திருப்பினேன். இரண்டாவதுக்கும் அப்படியே. கனகசபை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் என்னோடு சாப்பிட வரவில்லை. வருட முடிவில் நாவலப்பிட்டிப் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தொழிலில் விரல் பழகிவிடும். உறையைக் கையில் எடுத்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மூன்றாவது கடிதத்தை எடுத்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு தாள் இருந்தது. அதோடு நான்காக மடித்த ஓர் உறையும் இருந்தது. ஒட்டு முனை விரலில் தட்டுப்பட்டது. தான் பொய் சொல்லவில்லை என்று காட்ட, லியோங் அனுப்பிய உறையைத்தான் அண்ணன் திருப்பி அனுப்பியிருந்தார். அதன்மேல் கொழும்புத் தபால் முத்திரை இருக்கும், முத்திரையில் நாள் இருக்கும். அந்த நாளை வாசிக்கத் தெரிந்த யாரிடம் காட்டினாலும் அது எந்தப் பையில் போனது என்று சொல்லிவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் மறுபடி ஒன்றாகலாம். அந்தப் பெண்ணுக்கு வேறு வழி ஏதாவது இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்திருக்கவும் கூடும்.

லியோங் அன்று வந்தார். மூன்று மாதத்தில் இளைத்துப் போயிருந்தார். முதல் இரண்டு தடவை போல் உடனே தலையை ஆட்டவில்லை. உறையைப் பார்த்தார், கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவரு. மூணாவது தரமும் எழுதியிருக்காரு. தொறந்து பாக்கவா? நீங்க சொல்லுங்க கிளாக்கரையா, நீங்க சொல்றபடி செய்றேன்.”

கந்தோரில் வேறு யாரும் இல்லை. உறை என் கையில்தான் இருந்தது.

“திருப்பி அனுப்பிடுவோம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். அவர் கண்முன்னாலேயே பேனாவை மையில் தொட்டு, பெற மறுத்தார் என்று எழுதினேன். மை காயும்வரை அவர் காத்துநின்றார். பிறகு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.